நாற்பது நாளைக்கு மேலே வளர்வது

நான் இருபத்திரண்டு வருடமாகக் கறிக்கோழி வளர்க்கிறவள். பல்லடம் பக்கம் தோட்டத்துக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு கோழி ஷெட். ஒரு தடவைக்கு ஐயாயிரம் குஞ்சு வரும். ஒரு நாள் வயதில் அட்டைப்பெட்டியில் கீச்சுக்கீச்சென்று வந்து இறங்குகிறவை, நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டி லாரி ஏறிப் போய்விடும். குஞ்சுகள் போடும் சத்தத்தை வைத்தே அவற்றுக்குக் குளிரா, தாகமா, பசியா என்று சொல்லிவிடுவேன். குஞ்சும் தீனியும் தருகிற கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேருகிற சூப்பர்வைசர்களை முதலில் என் ஷெட்டைத்தான் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்புவார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவளுக்கு ஒரு நாய்க்குட்டியை வளர்க்கத் தெரியாதா என்ற நினைப்போடுதான் போன வருடத்துக்கு முந்தின வருடம் கிரேட் டேன் குட்டி ஒன்றை வாங்கினேன்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த தோட்டத்து வீட்டுக்கும் நடுவில் கூப்பிட்டால் கேட்காத தூரம். மகனும் மகளும் வெளியூரில் இருக்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். தோட்டத்துச் சாளை வீடுகளில் தனியாக இருக்கிறவர்களைப் பற்றிப் பேப்பரில் எதையாவது படித்துவிட்டு மகள் தினமும் போனில் புலம்பினாள். கேமரா வைத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். கேமரா குரைக்குமா என்று கேட்டேன். அப்படியானால் ஒரு நாட்டு நாய் எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். வளர்ப்பது என்று ஆன பிறகு எதற்குச் சின்னதாக வளர்ப்பது? கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறவன் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்த அளவில் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

விசாரித்ததில் போத்தனூரில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் குட்டிகள் இருப்பதாகத் தெரிந்தது. போனோம். தாய் நாய் எழுந்து நின்றபோது சாப்பாட்டு மேசை உயரம் இருந்தது. என் வீட்டுக்காரர் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் உள்ளே போய், ஏழு குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக் குஞ்சைப் பார்க்கிற மாதிரியே கண்ணைப் பார்த்தேன், தொப்புளைப் பார்த்தேன், மல்லாக்கப் போட்டு நாலு காலையும் நீட்டி மடக்கிப் பார்த்தேன். கால்கள் நேராக, கெட்டியாக இருந்தன. ஐம்பத்தைந்து நாள் வயது, எட்டுக் கிலோ. அந்த எட்டுக் கிலோவும் கையில் புதுப் பஞ்சு மாதிரி கிடந்தது.

புறப்படும்போது அந்தப் பெரியவர் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். எந்த நேரம், எவ்வளவு தீனி என்று அதில் இருந்தது.

"இதத் தவிர வேற ஒண்ணும் போடாதீங்கம்மா. சாதி பெருசு, அதனால மெதுவா வளரோணும். அவசரப்படுத்திப்போடாதீங்க."

சரிங்க என்று சொல்லி வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். மெதுவாக வளர்வது என்றால் என் தொழிலில் அதற்குப் பெயர் சீக்கு. பாவம், ரயிலில் கொடி காட்டினவருக்குத் தீனியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தாளை அதற்குப் பிறகு ரொம்ப நாள் பிரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முன் வராந்தாவில் குஞ்சுக்குப் போடுகிற மாதிரி தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டி, உள்ளே தேங்காய் நார்த்தூள் பரப்பி, மேலே ஒரு பல்பும் தொங்கவிட்டேன். ஐயாயிரம் குஞ்சுகள் மரியாதையாக உட்கார்ந்திருக்கிற ஏற்பாடு அது. குட்டி மறுநாள் காலை தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, வட்டத்தைத் தட்டையாக்கி, நார்த்தூளை ஹால் முழுக்க இறைத்து, பல்பு ஒயரைக் கடித்துத் துப்பியிருந்தது. நல்ல வேளையாக ஸ்விட்ச் போடவில்லை. அன்றிலிருந்து அதற்கு வீடு முழுக்கச் சொந்தம். மகள் போனில் நாகரிகமாக ஒரு பெயர் வைத்தாள். நாங்கள் எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி அதையும் கண்ணு என்றே கூப்பிட்டதால் அது கண்ணு என்றால் மட்டும்தான் திரும்பும். ஷெட்டில் வேலை செய்கிற பெண்ணை நான் கண்ணு என்று கூப்பிட்டாலும் முதலில் ஓடி வருவது அதுதான்.

எங்கள் ஹாலில் முகம் தெரிகிற மாதிரி வழவழப்பான டைல்ஸ். குட்டி ஓடி வந்து நிற்கப் பார்க்கும், நாலு காலும் நாலு பக்கம் விரிந்து வழுக்கிக்கொண்டே போய்ச் சோபாவில் முட்டும். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். வேண்டுமென்றே பந்தை உருட்டிவிட்டு ஓட வைத்து, வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினோம். அவள் இன்னும் ஒன்று அனுப்பச் சொன்னாள். இப்போது அந்த வீடியோக்களை நான் பார்ப்பதில்லை.

தீனி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பெரிய சாதிக் குட்டிக்கென்றே விற்கிற தீனி வாங்கினோம், நல்லதாகத்தான். ஆனால் வெறும் உருண்டையைப் போட்டு ஒரு ஜீவனை வளர்ப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. காலையில் நாலு அவித்த முட்டை. பதினோரு மணிக்கு ராகிக் கூழில் பால். மத்தியானம் சோறும் எங்கள் ஷெட்டுக் கோழியும். சாயங்காலம் தயிர். நடுநடுவே கடைத் தீனி எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. இவ்வளவு பெரிய உடம்புக்கு எலும்பு பலம் வேண்டுமே என்று, கோழிக்குத் தண்ணீரில் கலக்குகிற வெள்ளைக் கால்சியம் டானிக்கைக் காலையில் இரண்டு மூடி, மாலையில் இரண்டு மூடி. போதாததற்கு முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்சியில் அரைத்துச் சோற்றில் தூவினேன். எனக்கும் அவருக்கும் கூட அவ்வளவு பொறுமையாகச் சமைத்தது கிடையாது.

ஏழு நாளைக்கு ஒரு தடவை எடை போட்டேன். ஷெட்டில் வாராவாரம் நாலு மூலையிலும் கோழிகளைப் பிடித்து எடை பார்த்து அட்டையில் எழுதுவோம். அதே மாதிரி ஓர் அட்டையைக் குட்டிக்கும் போட்டு பிரிட்ஜ் மேல் ஒட்டினேன். முதல் வாரம் பத்தரை. அடுத்த வாரம் பதிமூன்று. அப்புறம் பதினாறு. ஒவ்வொரு வாரமும் மகளுக்கு எண்ணைச் சொல்வேன். சூப்பர்வைசர் வந்தபோது அட்டையைக் காட்டினேன். "அக்கா, நீங்க எதத் தொட்டாலும் எடை ஏறுதுங்க" என்றான். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஏழாவது வாரம் இருபத்தெட்டு. தூக்க முடியவில்லை. அந்த வாரம்தான் வீட்டுக்காரர் அதைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மிணி, இது நடக்கறது ஒரு மாதிரியா இருக்குதே. முன்னங்காலு மடங்குது பாரு."

"வளர்ற குட்டி அப்படித்தானுங்க இருக்கும். கண்ணு வெக்காதீங்க."

அவருக்கு அப்படிச் சொன்னேனே தவிர, நானும் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டில் முன்பக்கமாகப் புடைத்து வளைந்திருந்தன. பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். காலில் பலம் இல்லை, ஆகவே கால்சியம் போதவில்லை. இரண்டு மூடியை நாலு மூடி ஆக்கினேன்.

அதிலிருந்து பத்தாவது நாள் குட்டி படுத்துக்கொண்டு தின்றது. தட்டைக் கண்டதும் வழக்கம்போல் குதித்து வந்தது, இரண்டு வாய் தின்றது, பிறகு முன்னங்கால் தானாக மடங்கி நெஞ்சு தரையில் படியப் படுத்துக்கொண்டு மிச்சத்தைத் தின்றது. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

கோழி வளர்க்கிறவர்களுக்கு அந்தப் படுக்கை தெரியும். முப்பது நாளைத் தாண்டும்போது எந்த ஷெட்டிலும் சில கோழிகள் உடம்புப் பாரம் தாங்காமல் காலில் உட்கார்ந்துவிடும். தொட்டிக்கு நகர்ந்து போகும், படுத்தபடியே தின்னும், தின்கிற வேகம் மட்டும் குறையாது. காலையில் நான் முதல் சுற்றுப் போகும்போது அவற்றைத் தனியாக எடுத்துவிடுவேன். எடுத்து என்ன செய்வேன் என்று விவரிக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடத்தில் என் கை அதற்கு யோசித்ததே இல்லை. குட்டி படுத்துக்கொண்டு தின்றதைப் பார்த்ததும் அந்தக் கைதான் என் ஞாபகத்துக்கு வந்தது. கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு நின்றேன். அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். போத்தனூர்க்காரருக்குப் போன் போட்டேன். ஊனக் குட்டியைத் தலையில் கட்டிவிட்டீர்கள், பெரிய மனுஷர் செய்கிற வேலையா இது என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் விடாமல் பேசினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு நிதானமாகச் சொன்னார்.

"சரிங்கம்மா. குட்டியக் கொண்டாந்து எங்கிட்ட உட்டுப்போடுங்க. வேற குட்டி தாரேன். ஞாயித்துக்கெழமை வாங்க."

எனக்கு ஜெயித்த சந்தோஷம். குஞ்சு மோசமாக வந்தால் கம்பெனி மாற்றிக் கொடுக்கும். அதே மாதிரிதானே இதுவும். தப்பு அவர் பக்கம் என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் ஞாயிறு காலை புறப்படும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வழியில் சிங்காநல்லூரில் ஒரு நாய் டாக்டரிடம் காட்டி, இது பிறவிக் கோளாறு என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"அதான் மாத்திக் குடுக்கறேன்னுட்டாரே, அப்புறம் சீட்டு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"நாளைக்கு நாமதான் கெடுத்துப்போட்டோம்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுங்க."

இதைச் சொன்னவள் நான்தான். அதோடு, எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்பதற்குச் சாட்சியாக பிரிட்ஜ் மேலிருந்த எடை அட்டையையும் பிய்த்துக் கையோடு எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். குட்டியை ரப்பர் விரிப்பில் நடக்கவிட்டுப் பார்த்தாள், மண்டியிட்டு உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். என்ன தீனி என்று கேட்டதும் நான் அட்டையை மேசைமேல் வைத்தேன், மார்க் ஷீட்டை வைக்கிற பிள்ளை மாதிரி. அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான் முட்டையில் ஆரம்பித்துத் தயிர் வரைக்கும் சொன்னேன்.

"கால்சியம் எவ்வளவுங்கம்மா?"

"காலைல நாலு மூடி, பொழுதோட நாலு மூடிங்க டாக்டரம்மா. அப்புறம் முட்டை ஓடு அரைச்சுப் போடறனுங்க."

அவள் அட்டையை என் பக்கம் தள்ளி வைத்தாள். "ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்கம்மா" என்றாள். எனக்கு முகம் மலர்ந்தது. "கோழியா இருந்திருந்தா" என்று முடித்தாள்.

பிறகு கோபமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்தச் சாதிக்கு எலும்பு தானாகவே வேகமாக வளருமாம். அதிகத் தீனியும் அதிகக் கால்சியமும் போட்டால் எலும்பு இன்னும் ஓட, தசையும் தசைநாரும் பின்தங்கிவிடுமாம். அந்தக் காலின் மேல் ஏழெட்டுக் கிலோ பாரமும் கூடுதல். கடைத் தீனியிலேயே வேண்டிய கால்சியம் இருக்கிறது. போதாததற்கு வழுக்குகிற டைல்ஸ்.

"உங்க கோழி எத்தன நாளுக்குங்கம்மா?"

"நாப்பதுங்க."

"இது எட்டு, பத்து வருசம் நடக்கோணுமுங்க."

நாற்பத்தோராவது நாள் எழுந்து நிற்க வேண்டிய ஒரு ஜீவனை நான் வளர்த்ததே இல்லை என்பது இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த ஸ்டீல் மேசைக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது. எடை ஏறினால் போதும், கால் அதுவரைக்கும் தாங்கினால் போதும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வளர்ப்பு. அதில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் இதற்கும் வாரி வாரிக் கொடுத்திருக்கிறேன்.

"சரியாகுமுங்களா?"

"குட்டிதானுங்க, இன்னும் டைம் இருக்கு. நான் சொல்றபடி பார்த்தீங்கன்னா எட்டு, பத்து வாரத்துல நேராக வாய்ப்பு நெறைய இருக்கு. ஆனா முழுசா நேராகாமயும் சிலது நின்னுரும். என் கையில இல்லீங்கம்மா, உங்க கையிலதான் இருக்குது." பேனாவை எடுத்தாள். "ஏதோ எழுதித் தரோணும்னீங்களே?"

வேண்டாமுங்க என்று சொல்லி அட்டையை எடுத்துக்கொண்டேன்.

காரில் பின்சீட்டில் உட்கார்ந்தேன். குட்டி என் மடியில் தலையை வைத்து எச்சிலைச் சேலை முழுக்க வடியவிட்டது. வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"போத்தனூரா, ஊடா?"

போத்தனூர் போனால் எல்லாம் சுலபம். வேறு குட்டி கிடைக்கும். இந்தத் தடவை சரியாக வளர்ப்பேன். டாக்டர் சொன்னது எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும், வீட்டுக்காரர் வெளியே சொல்ல மாட்டார். ஊரில் எல்லோரும் என் குட்டியைப் பார்த்து அசந்து போவார்கள். இந்த வளைந்த காலை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள், அல்லது பார்க்க மாட்டார்கள். சுலபம் என்பதாலேயே எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது. வளைத்தவள் நான், நிமிர்த்துவதை இன்னொருவர் தலையில் போட்டுவிட்டுப் போவதா?

"ஊட்டுக்கே போங்க" என்றேன்.

போத்தனூர்க்காரருக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் வைத்தியம் பார்க்கிறோம், அப்புறம் வருகிறோம் என்றேன். தப்பு என் பக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. மென்று விழுங்கிவிட்டேன். அவர் "குட்டிய எப்ப வேணும்னாலும் கொண்டாந்து உடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே கால்சியக் கேனை ஷெட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் தீனிச் சாக்குகளைத் துவைத்துக் காயவைத்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்து, கயிற்றுப் பாயும் சேர்த்து, ஹாலிலிருந்து அடுக்களை வரை டைல்ஸ் கண்ணில் படாதபடி விரித்தேன். வீடு குடோன் மாதிரி ஆனது. வீட்டுக்காரர் இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார். வாசற்படிக்குப் பலகை சாய்த்தோம். வெளியே தென்னைக்கு நடுவே உழுது காய்ந்த மண்ணில் காலையும் மாலையும் பத்து நிமிடம், மெதுநடை. கைப்பைக்குள் கிடந்த போத்தனூர்த் தாளைத் தேடி எடுத்துப் பிரித்தேன். டாக்டர் சொன்ன அளவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதெல்லாம் வேலை. வேலை எனக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டமாக இருந்தது தீனியைக் குறைத்ததுதான். ஒரு டம்ளரை அளவாக வைத்துக்கொண்டு, மூன்று வேளை, மட்டமாக வழித்துப் போட்டேன். குட்டி ஒரு நிமிடத்தில் தின்று முடித்துவிட்டுத் தட்டை நக்கும். நக்கி நக்கித் தட்டைத் தள்ளிக்கொண்டே அடுக்களை வரைக்கும் வந்து, அதை வாயில் கவ்வி எடுத்து என் காலடியில் டங்கென்று போடும். பிறகு உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கும். எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பினால் அந்த வீட்டுக்குப் பேரே கிடையாது. அப்படி வளர்ந்தவள், வீடு நிறையச் சோறு இருக்கும்போது ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி முகத்தோடு உட்கார வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தால்தான் கண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வைத்தியம் தொடங்கி இரண்டாவது வாரம் எடை கொஞ்சம் அதிகமாக ஏறியிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"ஏனுங்க, என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடுல."

"தராசு பொய் சொல்லாதுங்க."

"டீ குடிக்கறப்ப ரண்டு வர்க்கி. ரண்டே ரண்டுதான் அம்மிணி. அது மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படித் திங்கறது?"

அன்றிலிருந்து அவர் தோட்டத்துக்குள் மோட்டார் ரூமில் போய் நின்று வர்க்கி தின்றார்.

பெரிய சோதனை ஊர் நோம்பித் திருவிழாவில் வந்தது. மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் வீட்டில் முப்பது பேர் உறவுக்காரர்கள் கூடுவார்கள். அப்போது நாலாவது வாரம். காலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அந்த வாரம் டாக்டரும் "இன்னும் பாக்கலாமுங்கம்மா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு மட்டும் இறங்கி, குட்டி நடக்கும்போது விலா எலும்புகள் லேசாகத் தெரிந்தன. டாக்டருக்கு வேண்டியது அதுதான். உறவுக்காரர்களுக்கு வேறு கண். ஆளாளுக்கு இலையிலிருந்து ஏதாவது எடுத்து நீட்டினார்கள். நான் பரிமாறுவதை விட்டுவிட்டுக் குட்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். என் பெரிய மாமனார் முறையுள்ளவர் கை கழுவிக்கொண்டு வந்து குட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மிணி, அய்யாயிரம் கோழிக்குத் தீனி போடற ஊடு. ஒரு நாய்க்குட்டிக்குச் சோத்துக்குப் பஞ்சமா? வெலா எலும்பு தெரியுது, காலு வேற கோணிக்கிச்சு. சோறில்லாமத்தான் கோணிப்போச்சு."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறவிக் கோளாறுங்க மாமா என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "டாக்டர் சொன்ன அளவுதானுங்க மாமா. ஆரும் ஒண்ணும் போட வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போய் வெற்றிலைத் தட்டை நோக்கிப் போனார். பாதி உண்மையைத்தான் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

ஐந்தாவது வாரம் முடியப் போகிற ஒரு காலை. ஷெட்டில் தீனி போட்டுவிட்டு வந்து, டம்ளரை வழித்துத் தட்டில் கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். வழக்கமாகக் கேட்கிற சத்தம் ஒன்று உண்டு, நெஞ்சு சாக்கில் மோதுகிற தொப்பென்ற சத்தம். அது வரவில்லை. திரும்பினால், குட்டி நின்றுகொண்டு தின்கிறது. முன்னங்கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. கடைசி உருண்டை வரைக்கும் நின்றே தின்று, நின்றே தட்டை நக்கியது. நான் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்து, குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதேன். வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். நின்னு திங்குதுங்க, நின்னு திங்குதுங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக் கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பதினோராவது வாரம் டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்தாள். வலது கால் நேராகிவிட்டது. இடது கால் நிமிர்ந்துவிட்டது, ஆனால் பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியே நின்றது. வலி இல்லை, ஓடும், குதிக்கும், அந்தத் திருப்பம் மட்டும் இனி போகாது என்றாள். "நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா" என்றாள். முக்கால்வாசி என்று நான் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் போத்தனூருக்குப் போன் போட்டேன். இத்தனை நாள் மென்று விழுங்கியதை ஒரே மூச்சில் சொன்னேன். குட்டியின் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை, நான்தான் தீனியைக் கொட்டிக் கெடுத்தேன், அன்றைக்குப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"தெரியுமுங்கம்மா" என்றார் அவர். "நேரா இருந்த குட்டியத்தான குடுத்தேன்."

"அப்புறம் ஏனுங்க மாத்தித் தாரேன்னு சொன்னீங்க?"

"வேற குட்டி ஏதுங்கம்மா? எல்லாமே வித்துப்போயிருச்சு. அதை எப்படியாச்சும் உங்க கையில இருந்து வாங்கிப்போடோணும்னுதானுங்க அப்படிச் சொன்னேன்."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. போனை வைத்த பிறகும் வெகுநேரம் காது சூடாகவே இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சொல்லப்போனால், நேரிலேயே வந்து பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அடுத்த ஞாயிறு குட்டியைக் கூட்டிக்கொண்டு போத்தனூர் போனோம். காரை விட்டு இறங்கியதும் அது மண் வாசலில் நாலு சுற்று ஓடியது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி வெளியே வந்து குட்டியின் இடது பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பொறக்கறப்ப நல்லாத்தான இருந்துச்சு? இது என்னுங்க இப்படி?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பெரியவரும் என்னைப் பார்த்தார்.

"அது நான் வளைச்சதுங்க" என்றேன். "மிச்சத்த நிமிர்த்திப்போட்டேன். அது ஒண்ணு மட்டும் வரலீங்க."

அந்தம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். காபி வந்தது. பெரியவர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குட்டி அவர் முன்னால் போய் நேராக நின்றது. அவர் கொடுக்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு குடுக்கலாமுங்களா?"

"பாதி குடுங்க" என்றேன்.